சப்மெரின் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை வீடு வீடாகப் போய், ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் குழுவினருக்கு வணக்கம்.

போன மாசம் உங்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இல்லை. மீன் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், வீட்டம்மா சீட்டுப் பணத்திலிருந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து உங்களிடம் கொடுத்துவிட்டு, கையில் நோட்டீசோடு உட்கார்ந்திருந்தார். "நாமளும் கப்பல்ல ஒரு பங்குக்காரங்க" என்றார். முப்பத்து நாலு வருஷம் ஹார்பரில் கப்பல் ரிப்பேர் வேலை பார்த்த பிட்டர் நான். என் வீட்டில் என்னைக் கேட்காமலே ஒரு கப்பல் வாங்கியாகிவிட்டது. சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. மீனைக் கழுவ உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் நோட்டீசைப் படித்தேன். நல்ல காகிதம். வழுவழுப்பாக இருக்கிறது. "வடசென்னைக்கு ஒரு பெருமை" என்று கொட்டை எழுத்து. உள்ளே அருங்காட்சியகம், மேலே உணவகம், வஞ்சிரம் வறுவல், செல்ஃபி எடுக்க இடம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை. கடைசியில், "1914-இல் எம்டன் நீர்மூழ்கி குண்டு வீசிய மண்ணில் இனி நம் சொந்த நீர்மூழ்கி" என்று ஒரு வரி. முதலில் அதை மாற்றிவிடுங்கள். எம்டன் நீர்மூழ்கி இல்லை. தண்ணீருக்கு மேலேயே ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்பதால்தான் நம் பாட்டிமார் கைக்குள் அகப்படாத ஆளை "சரியான எம்டன்" என்றார்கள். அதனாலேயே அது முங்கிப் போயிருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள் போல. நோட்டீசில் போட்டிருக்கும் படமும் அணுசக்தியில் ஓடும் அமெரிக்க நீர்மூழ்கியுடையது. அதையெல்லாம் எவனும் உங்களுக்கு விற்கமாட்டான்.

குற்றம் கண்டுபிடிக்க எழுதவில்லை. உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. 2012-இல் நீலம் புயலில் ஒரு எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்ப் பக்கம் தரை தட்டி நின்றதே, ஞாபகம் இருக்கும். அதிலிருந்து தப்பிக்கப் படகில் இறங்கிய பிள்ளைகளில் சிலர் செத்தே போனார்கள். அந்தத் துக்கம் ஒரு பக்கம் இருக்க, மறுநாளிலிருந்து கரையில் திருவிழாக் கூட்டம். சுண்டல், பஜ்ஜி, ஐஸ்கிரீம் எல்லாம் வந்துவிட்டது. சும்மா நின்ற எண்ணெய்க் கப்பலுக்கே அப்படி என்றால், சப்மெரினுக்கு ஜனம் வராதா? வரும். அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உங்கள் மனசில் இருக்கிறது. நோட்டீசில் எழுதவில்லை என்றாலும் தெரிகிறது. நல்லதெல்லாம் தெற்கே போகிறது, நமக்குக் குப்பைமேடும் சாம்பல் குட்டையும்தான் வருகிறது என்ற ஆத்திரம். வாக்லி கதையே அதற்குச் சாட்சி. ஐ.என்.எஸ். வாக்லி என்ற நீர்மூழ்கி 1974-இல் சேர்ந்து 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் கரையேற்றி அருங்காட்சியகமாக வைக்கப் போகிறோம் என்றார்கள். அது வந்து கிடந்தது எங்கே? நம் சென்னைத் துறைமுகத்தில்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். கறுப்பு உடம்பு, மேலே அந்தக் கோபுரம். வருஷக்கணக்கில் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. மாமல்லபுரத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஒரு மாநில அரசாங்கமே இழுத்துக் கரையேற்ற முடியாத ஒன்றை, சீட்டுப் பணத்தில் நாம் கரையேற்றப் போகிறோம் என்கிறீர்கள்.

சரி, முதலில் வாங்க முடியுமா என்று பார்ப்போம்.

உலகத்தில் தனியார் நீர்மூழ்கி வாங்கியதே இல்லையா என்றால், நிறைய வாங்கியிருக்கிறார்கள். பெப்சி கம்பெனிகூட வாங்கியிருக்கிறது. 1989-இல் சோவியத்காரர்கள் குளிர்பானத்துக்கு ரூபிளில் பணம் கொடுத்தால் வெளியே செல்லாது என்பதால், அந்த வியாபாரக் கணக்கில் பழைய நீர்மூழ்கிகள் 17-ஐ, கூடவே வேறு சில போர்க்கப்பல்களையும், தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு ஒரு கலர் சோடா கம்பெனியின் பெயரில் ஒரு கடற்படையே இருந்தது என்று இன்றைக்கும் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பெப்சி அதில் உணவகம் நடத்தவில்லை. நேராகக் காயலாங்கடைதான். விவரமானவன் அதைத்தான் செய்வான்.

நம் நாட்டில் இரண்டே வழி. ஒன்று, ஒரு அரசாங்கம் கேட்டு, கடற்படை கொடுப்பது. விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கி அப்படி வந்ததுதான். இன்னொன்று ஏலம். ஏலம் என்றால், உடைப்பதற்காக ஏலம். விராட் கதையைப் பாருங்கள். விமானந்தாங்கிக் கப்பல். 2017-இல் ஓய்வு. 2020-இல் 38.54 கோடி ரூபாய்க்கு அலங்கில் கப்பல் உடைக்கும் கம்பெனி ஒன்று ஏலத்தில் எடுத்தது. அருங்காட்சியகமாக வைக்கிறோம், எங்களுக்குக் கொடுங்கள் என்று இன்னொரு தனியார் கம்பெனி வந்தது. எடுத்தவர் 100 கோடி கேட்டார். பாதுகாப்பு அமைச்சகமோ தடையில்லாச் சான்று தர மறுத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021 பிப்ரவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஏப்ரலில் வழக்கு தள்ளுபடி. அதற்குள் ஏறக்குறைய 40 சதவீதம் வெட்டியாகிவிட்டது. பணம் இருந்தும், ஆசை இருந்தும், வக்கீல் இருந்தும் நடக்கவில்லை. நம்மிடம் இதில் எது இருக்கிறது? ஆசை.

விக்ராந்த் அதற்கும் முன்னாலேயே போனது. மும்பையில் அருங்காட்சியகமாகவே நின்றது. 2012-இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2014-இல் 60 கோடிக்கு ஏலம் போய் உடைத்தார்கள். அந்த இரும்பைப் பஜாஜ் கம்பெனி வாங்கி பைக் செய்தது. எண்ணூர் ஹைரோட்டில் சிக்னலில் நிற்கும்போது பாருங்கள், 1971-இல் சண்டை போட்ட கப்பலின் ஒரு துளி உங்கள் பக்கத்திலேயே நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

வாங்கியேவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தெய்வாதீனமாக யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் நான் சொல்லப்போவது தொழில் பேச்சு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரணக் கப்பல் சும்மா விட்டால் மிதக்கும். ஓட்டை இல்லாத வரைக்கும் அதன் இயல்பு மிதப்பது. நீர்மூழ்கி அப்படி இல்லை. அதை முங்குவதற்காகவே கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஆட்கள் இருக்கும் தடித்த உருளை ஒன்று. அதைச் சுற்றி வெளியே மெல்லிய இன்னொரு தோல். இரண்டுக்கும் நடுவில் தொட்டிகள். தொட்டியின் கீழே தண்ணீர் புக வழி, மேலே காற்று போக வால்வு. மேல் வால்வைத் திறந்தால் காற்று போய்விடும், தண்ணீர் ஏறும், கப்பல் முங்கும். மேலே வர வேண்டுமென்றால் காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஆகவே அது மேலே நிற்பதே உள்ளே பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். கவிழ்த்துப் போட்ட சொம்பைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கிறதே, அதே சங்கதி.

இப்போது அந்த மேல் வால்வில் ரப்பர் சீட் காய்ந்து, ஒரு மயிரிழை இடைவெளி விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமே வராது. ஓட்டை என்று காட்ட ஒன்றும் இருக்காது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இன்றைக்கு ஒரு அங்குலம், அடுத்த வாரம் ஒரு அங்குலம். பம்ப் வைத்து இறைக்க அது கப்பல் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் இல்லை. கடலே உள்ளே வந்திருக்கிறது. கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு ஆள். அந்த ஆளுக்குத் தீபாவளிக்கு லீவு வேண்டும்.

அடுத்தது துரு. வெளித்தோல் மெல்லிசு. அதன் வெளிப்பக்கத்தை நாம் சுரண்டலாம், ரெட் ஆக்சைடு அடிக்கலாம். உள்பக்கம்? இரண்டு தோலுக்கும் நடுவில் ஆள் ஊர்ந்து போகிற இடமும் உண்டு, கையே போகாத இடமும் உண்டு. உப்புத் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும். உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடுத்து ஓய்வு பெறப்போகிற சிந்து வகை நீர்மூழ்கி என்றால் இன்னும் விசேஷம். சத்தத்தை அடக்க உடம்பு முழுக்க ரப்பர் ஓடு ஒட்டியிருப்பார்கள். அந்த ஓட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க, ஓட்டைப் பெயர்க்க வேண்டும். 72 மீட்டர் நீளத்துக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சப்மெரின் நான் வாங்கவில்லை. ஆனால் ஒரு டக் வாங்கியிருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கப்பலை இழுக்கும் சின்ன இழுவைப் படகு, வயசானது, எடைக்குப் போட்டார்கள். நானும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து எடுத்தோம். எடுத்த அன்றே வெட்டியிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இன்ஜின் நன்றாக இருக்கிறது, முழுசாக விற்றால் இரட்டிப்பு கிடைக்கும் என்று ஒருத்தர் சொன்னார். அந்த ஒருத்தர் நான்தான். எட்டு மாசம் வைத்திருந்தோம். நிறுத்தி வைத்ததற்கு வாடகை, வாட்ச்மேன், கயிறு, பம்ப் டீசல். வாங்க வருகிறேன் என்றவர்கள் எல்லாம் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் சாயந்திரம் தண்ணீர்க்கோட்டுக்குப் பக்கத்தில், துரு கொத்தும் சிப்பிங் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். பிளேட்டில் தட்டினால் "டங்" என்று வர வேண்டும். பத்து தட்டு டங் டங் என்று வந்தது. பதினோராவது "பொத்" என்றது. சுத்தியின் மூக்கு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. இழுக்கவும் பயம், எடுத்தால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். சுத்தியை அப்படியே விட்டு, சுற்றிச் சணல் திணித்து, மேலே சிமென்ட் பூசிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி வாட்ச்மேன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், டக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கயிறு முறுக்கேறி முனகுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிவதற்குள் உட்கார்ந்துவிட்டது. சிமென்ட் பூசிய இடம் அப்படியே இருந்தது, அதை மட்டும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் பின்பக்கம், விசிறித் தண்டைச் சுற்றி அடைக்கும் ஷாஃப்ட் பேக்கிங் வழியாக வந்திருக்கிறது.

மிதக்கிற வரைக்கும்தான் அது சொத்து. மூழ்கிய மறுநாள், இத்தனை நாளுக்குள் தூக்கிக்கொண்டு போ என்று நோட்டீஸ் வந்தது. தூக்குவதற்குக் கொடுத்தது வாங்கிய விலையைவிட அதிகம். வீட்டம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அப்போது போனதுதான். அந்தச் சங்கிலியை மறந்துவிட்டு உங்களுக்கு ஐயாயிரம் கொடுத்திருக்கிறார் என்றால், உங்கள் பேச்சுத் திறமையை நான் மெச்சத்தான் வேண்டும்.

என் டக் சின்னது. பெரியவர்கள் கதையும் அதேதான். குர்சுராவோடு கூடப்பிறந்தவை, அதே சோவியத் வகை, உலகம் முழுக்கப் பல ஊர்களில் தனியார் கைக்கும் அருங்காட்சியகக்காரர்கள் கைக்கும் போயின. இங்கிலாந்தில் மெட்வே ஆற்றில் ஒன்று கிடக்கிறது. முதலில் லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள், அப்புறம் வேறு ஊர், 2004-இல் இந்த ஆற்றுக்கு வந்தது. இப்போது துருப்பிடித்த கூடு. அமெரிக்காவில் லாங் பீச்சில் ஒன்று, குயின் மேரி கப்பலுக்குப் பக்கத்தில். டிக்கெட் போட்டு நடத்தினார்கள். 2015-இல் மூடியாகிவிட்டது, நடுவில் ரக்கூன் குடும்பம் ஒன்று உள்ளே குடித்தனம் நடத்தியது. அங்கே ரக்கூன் என்றால் நம் ஊரில் பெருச்சாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் டியேகோவில் கடல்சார் அருங்காட்சியகமே ஒன்றை வைத்திருந்தது. விஷயம் தெரிந்தவர்கள், வேறு கப்பல்களையும் பராமரிப்பவர்கள். அவர்களாலேயே வெளித்தோலைக் காப்பாற்ற முடியவில்லை. 2022-இல் உடைக்க அனுப்பிவிட்டார்கள். ப்ராவிடன்ஸ் என்ற ஊரில் இன்னொரு சோவியத் நீர்மூழ்கி, இது வேறு வகை, ஒரு அறக்கட்டளையுடையது. 2007 ஏப்ரலில் ஒரு புயல். கட்டியிருந்த இடத்திலேயே மூழ்கியது. அமெரிக்க ராணுவ முக்குளிப்பாளர்கள் வந்து மறுவருஷம் தூக்கினார்கள். தூக்கி என்ன செய்தார்கள்? எடைக்குப் போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் உங்களை மாதிரியே ஒரு குழு. தன்னார்வலர்கள். 2001-இல் ஒடாமா என்ற நீர்மூழ்கியை வாங்கினார்கள். கரையேற்ற இடமும் அனுமதியும் கிடைக்காமல் கடலிலேயே கட்டிப்போட்டு, 2008-இல் இணையத்தில் ஏலத்துக்கு விட்டுப் பார்த்தார்கள். கனடாவில் போர்ட் பர்வெல் என்ற சின்ன ஊர் இன்னும் பாவம். நீர்மூழ்கியைக் கொண்டுவந்து கரையில் வைத்தே விட்டார்கள், 2012-இல். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வாங்கிய கடனுக்கு உள்ளாட்சி ஜாமீன் நின்றது. டிக்கெட் வருமானம் கட்டுப்படியாகவில்லை. கடன் ஊர்க்காரர்களின் வரிப் பணத்தில் வந்து விழுந்தது.

குர்சுரா மட்டும் ஏன் பிழைத்தது? அதைத் தண்ணீரில் விட்டு வைக்கவில்லை. 2001 பிப்ரவரியில் ஓய்வு, ஆர்.கே. பீச்சில் மணலுக்கு இழுத்து, கான்கிரீட் மேல் உட்கார வைத்தார்கள். 91 மீட்டர் நீளம், ஏறக்குறைய 2,000 டன். அந்த வேலைக்கு ஒன்றரை வருஷமும் அந்தக் காலத்துக் காசில் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆனதாகச் சொல்வார்கள். 2002-இல் திறந்தார்கள். நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். வழிகாட்டுபவர்கள் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். ஒவ்வொரு அறைக்கும் நடுவில் வட்டமான கதவு. முதலில் காலைப் போட்டு, தலையைக் குனிந்து, அப்புறம் உடம்பை இழுக்க வேண்டும். வீட்டம்மாவுக்கு இரண்டாவது கதவிலேயே மூச்சு வாங்கியது. இன்ஜின் அறையில் மூன்று டீசல் இன்ஜின், நடுவில் ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற வழி. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வால்வு கைப்பிடிகள் கைபட்டுத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. எழுபத்தைந்து பேர் இதற்குள் மாசக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். எதிரே ரோட்டைத் தாண்டினால், நம் அரக்கோணத்திலிருந்து பறந்துகொண்டிருந்த பெரிய விமானத்தை 2017-இல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதையும் நம்மிடமிருந்துதான் கொண்டுபோனார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னொரு நோட்டீஸ் அடித்துவிடப் போகிறீர்கள்.

அதே மாதிரி நாமும் மணலில் ஏற்றலாமே என்பீர்கள். எந்த மணலில்? துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வந்த நாளிலிருந்து தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. மெரினா அப்படி அகலமானதுதான். அந்த மணல் வராமல் போன கரை நம்முடையது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்து, தெருத் தெருவாகத் தின்றது. இன்றைக்குக் கரை என்று நாம் சொல்வதெல்லாம் கருங்கல். கருங்கல் மேல் 2,000 டன்னை எப்படி இழுப்பது? காசிமேட்டுக்குள் கொண்டுவரலாம் என்றால், அதற்கு ஆறு மீட்டர் ஆழம் வேண்டும். நம் லாஞ்சுகளே நுழைவாயிலில் மணல் தட்டுகிறது என்று அலுத்துக்கொள்கின்றன. இருக்கிற இடத்துக்கே விசைப்படகும் பைபரும் முட்டிக்கொள்கின்றன. உங்கள் சப்மெரின் 91 மீட்டர் இடத்தை அடைத்தால், முதல் சண்டை கடற்படையோடு இல்லை, படகுக்காரர்களோடுதான்.

எண்ணெயை மறந்துவிடாதீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதியபோது, கரையில் ஒதுங்கிய கறுப்புச் சேற்றை வாளியில் அள்ளியது யார்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்தபோது வலையைத் தூக்கி எறிந்தது யார்? பழைய நீர்மூழ்கியில் என்னதான் காலி பண்ணிக் கொடுத்தாலும் தொட்டி மூலைகளில் டீசல் மண்டி நிற்கும். குழாய் மேல் சுற்றிய கல்நார் இருக்கும், ஈயம் இருக்கும். மூழ்கினால் முதலில் வெளியே வருவது அதுதான். அன்றைக்கு வாளி தூக்கிய தம்பிகளில் சிலர் இப்போது நோட்டீஸ் தூக்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பெரியவர் எல்லாவற்றுக்கும் தடை போடுகிறார் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஆசை உண்டு. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். முழுக் கப்பலை விடுங்கள். துண்டைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஹோல்புரூக் என்று கடலே இல்லாத ஊர். ஊர்ப் பெயரே ஒரு நீர்மூழ்கித் தலைவனுடைய பெயர். ஒட்வே என்ற நீர்மூழ்கி உடைபடப் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் முழுசும் கேட்கவில்லை. தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்தை, அந்த மேல்தோலை மட்டும், கோபுரத்தோடு வாங்கினார்கள். அந்தத் தலைவருடைய விதவை மனைவிகூடப் பணம் கொடுத்தார். பூங்காவில் புல் மேல் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவனுக்குக் கப்பல் பாதி முங்கி நிற்கிற மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ஆர்கோ என்ற ஊரும் அப்படித்தான், பாலைவனத்தில் ஒரு நீர்மூழ்கியின் கோபுரம் மட்டும் நிற்கிறது. முங்க அங்கே தண்ணீர் இல்லை, மிதக்க வைக்கக் காற்று வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட்.

விக்ராந்த் இரும்பைப் பஜாஜ் வாங்கியது உடைத்தவர்களிடமிருந்துதான் என்பதை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த நீர்மூழ்கி உடைக்கப் போகும்போது, கோபுரத்தை வெட்டித் தனியாக வைக்கச் சொல்லி, முறையாக அனுமதி வாங்கி, எடைக்கு எடை காசு கொடுத்து எடுப்பதுதான் நம் கையில் இருக்கும் காசுக்கு ஆகிற காரியம். இந்தக் குழு பெயரில் எழுதினால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். மாநகராட்சி வழியாகப் போங்கள். கடற்படையின் தமிழ்நாடு, புதுச்சேரிப் பிரிவுக்குத் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. கவுன்சிலர் கையெழுத்தோடு, எந்த இடத்தில் வைக்கப் போகிறோம், யார் பெயின்ட் அடிப்பார்கள், எந்த நிதியிலிருந்து என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இடம் கரையோரம் வேண்டாம். உப்புக் காற்று குறைவாக அடிக்கிற இடமாக, மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஒன்றைப் பாருங்கள்.

அடித்தளமும் தாங்கியும் போட என்னை விட்டால் உங்களுக்கு ஆள் கிடைக்கமாட்டான். கேஸ் கட்டிங் செட் இன்னும் வீட்டில் இருக்கிறது. கூலி வேண்டாம், டீ வேண்டும். கோபுரத்துக்குள் பெரிஸ்கோப் இருக்காது, கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார்கள். பரவாயில்லை. போன வாரம் நாலங்குலக் குழாயில் இரண்டு கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஒன்று செய்து பார்த்தேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து பேத்தி அதில் பார்த்தாள். ஹார்பர் கிரேன் தெரிகிறது, காசிமேட்டுக்குள் திரும்புகிற லாஞ்சுகளின் கொடி தெரிகிறது என்றாள். கொஞ்ச நேரத்தில், "தாத்தா, அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அரைமணி நேரம் இறங்கி வரவில்லை.

இரண்டு சின்ன விஷயம். நோட்டீசில் "பங்கு" என்று போட்டிருப்பதை உடனே அடித்துவிட்டு "நன்கொடை" என்று மாற்றுங்கள். பதிவு செய்யாத குழு பங்கு என்று சொல்லி ஜனங்களிடம் பணம் வாங்கினால் நாளைக்கு வாசலுக்கு வருவது கப்பலாக இருக்காது, போலீஸ் ஜீப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள், பேசுவோம். வீட்டம்மா கொடுத்த ஐயாயிரத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை, கோபுரத்துக்கே இருக்கட்டும். ஆனால் ரசீது இன்னும் வரவில்லை. வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிட்டர்